ஆட்சித்தமிழ்க் கடிதங்களில் செயப்பாட்டுவினையும் மறையும் வினைமுதலும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதங்கள் பெரிதும் செயப்பாட்டுவினை முற்றுகளால் முடிகின்றன. இவ்வழக்கம் எங்கே தேவையாகிறது, எங்கே கடிதத்தின் பயனைக் குறைக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கடிதத்தின் புற அமைப்பு, தமிழ் வினைமுற்றின் இயல்பு, ஏற்றத்தாழ்வுக்கேற்ப மாறும் வினைவடிவம், சோழர் காலச் செப்பேட்டு மரபு ஆகியன இதற்குச் சான்றாகின்றன.

திறவுச்சொற்கள்: ஆட்சித்தமிழ், அலுவலகக் கடிதம், செயப்பாட்டுவினை, வினைமுதல், குறிப்பாணை, நேர்முகக் கடிதம்.

முன்னுரை

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கியது. அதன்பின் ஆட்சிச் சொல்லகராதி உருவாயிற்று. கோப்பு, அரசாணை, சுற்றறிக்கை, குறிப்பாணை, முன்மொழிவு முதலிய சொற்கள் நிலைபெற்றன. ஆட்சித்தமிழ் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் இக்கலைச்சொற்களையே மையமாகக் கொண்டுள்ளன. ஆயினும், சொற்கள் யாவும் தமிழாக இருந்தும் ஒரு கடிதம் தன் பெறுநருக்குப் புரியாமற் போவதுண்டு. அத்தகைய கடிதத்தைப் படித்தவர், ‘இனி யார் என்ன செய்ய வேண்டும்?’ என்று மற்றொருவரிடம் கேட்க நேர்கிறது. இக்குறை சொல்லில் இல்லை. தொடரின் அமைப்பில் உள்ளது.

கடிதத்தின் புற அமைப்பு

அலுவலகக் கடிதத்தின் மேற்பகுதி மிகத் தெளிவானது. அனுப்புநர், பெறுநர், ந.க.எண், நாள், விளி, பொருள், பார்வை என்னும் உறுப்புகள் உரிய இடங்களில் அமைகின்றன. எழுதியவர் யார், எவருக்கு எழுதினார், எந்தக் கோப்பில் எழுதினார், எந்த முன்கடிதத்தின் தொடர்ச்சியாக எழுதினார் என்பன ஒரே பார்வையில் விளங்கும். பல ஆண்டுகள் கழித்துக் கோப்பைப் புரட்டும் அலுவலரும் கடிதத்தின் வரலாற்றை அறியலாம். பொறுப்பைப் பதிவு செய்வதே இவ்வமைப்பின் நோக்கம்.

இத்தெளிவு கடிதத்தின் உடற்பகுதியில் நீடிப்பதில்லை. ‘கவனம் ஈர்க்கப்படுகிறது’, ‘பரிசீலிக்கப்பட்டது’, ‘ஆவன செய்யப்படும்’, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்னும் முற்றுகள் அடுக்கி வருகின்றன. மேலே பதவிப் பெயரோடு நின்ற அனுப்புநர், கீழே எத்தொடரிலும் வினைமுதலாக வருவதில்லை.

தமிழ் வினைமுற்றின் இயல்பு

ஆங்கில அலுவலக நடையின் தாக்கம் இங்கு உண்டு. கவனத்தை ஈர்ப்பதும், ‘தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன்’ என்பதும் அந்நடையிலிருந்து வந்த பெயர்ப்புகளே. ஆனால் இரு மொழிகளிலும் இதன் விளைவு ஒன்றன்று. ஆங்கில வினை எழுவாயைச் சார்ந்து நிற்பது. எழுவாய் நீங்கினால் செய்தவரும் நீங்குவார். தமிழில் எழுவாய் தோன்றாதிருக்கலாம். ‘அனுப்பினேன்’ என்னும் ஒரே சொல்லின் விகுதி எண், இடம் ஆகியவற்றை உணர்த்தி வினைமுதலைச் சுட்டுகிறது. ‘அனுப்பினோம்’, ‘அனுப்பினார்’ என்பனவும் அத்தகையனவே. தோன்றா எழுவாயிலும் செய்தவர் மறையாதிருப்பது தமிழ்த் தொடரின் இயல்பு.

‘படு’ என்னும் துணைவினை சேரும்போது நிலை மாறுகிறது. செயப்படுபொருள் எழுவாயின் இடத்தைப் பெறுகிறது. விகுதி அதனையே தழுவுகிறது. செய்தவர் ‘ஆல்’ உருபு ஏற்று வரலாம். வாராவிடினும் தொடர் முற்றுப்பெறும். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்பதில் எஞ்சுவது ஒன்றன்பால் விகுதி மட்டுமே. ஆகவே, தமிழ் தன் விகுதியால் எளிதில் தரும் செய்தியை இவ்வடிவத்தில் இழந்துவிடுகிறது எனலாம்.

ஏற்றத்தாழ்வும் வினைவடிவமும்

எல்லா அலுவலகக் கடிதங்களும் செயப்பாட்டுவினையில் அமைவதில்லை. கீழ்நிலை அலுவலர் மேலலுவலருக்கு எழுதும்போது, ‘பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று தன்மை ஒருமையில் முடிப்பது பெருவழக்கு. மேலலுவலரின் குறிப்பாணையோ ‘அறிவுறுத்தப்படுகிறது’, ‘விளக்கம் கோரப்படுகிறது’ என முடிகிறது. பொதுமக்களின் மனு ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிய, அதற்கான விடை ‘தெரிவிக்கப்படுகிறது’ என்று முடிகிறது. கேட்பவர் தம்மை வெளிப்படுத்துகிறார், முடிவெடுப்பவர் வெளிப்படுவதில்லை. எனவே செயப்பாட்டுவினை இங்கு நடுநிலையான நடைக்கூறு மட்டுமன்று. அதிகாரத்தின் அடையாளமாகவும் இயங்குகிறது.

நேர்முகக் கடிதம் இக்கருத்தை வேறொரு வகையில் உறுதிப்படுத்துகிறது. வழக்கமான கடிதங்களால் பணி நகராதபோது, ஓர் அலுவலர் மற்றோர் அலுவலருக்குப் பெயரிட்டு எழுதுவது அது. ‘தாங்கள் தனிக்கவனம் செலுத்தி விரைந்து முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்றவாறு அதன் நடை அமையும். செயல் விரைந்து நடக்க வேண்டுமெனில் செய்பவரும் கேட்பவரும் தொடரில் இடம்பெற வேண்டும் என்பதை அலுவலக மரபே அறிந்திருக்கிறது.

செயப்பாட்டுவினை பொருந்தும் இடம்

செயப்பாட்டுவினையை முற்றிலும் விலக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. இந்திய அரசமைப்பின் 166ஆம் உறுப்பின்படி, மாநில அரசின் நிருவாக நடவடிக்கைகள் ஆளுநரின் பெயரால் வெளியிடப்படுதல் வேண்டும். அரசாணையின் இறுதியில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்னும் குறிப்பு அமைவது இதனாலேயே. கையொப்பமிடும் செயலாளர் தம் சொந்த விருப்பால் ஆணையிடவில்லை. அங்கே ‘ஆணையிடப்படுகிறது’ என்பது பொருத்தமானது. வினைமுதல் எவர் என்பதும் அதே ஆவணத்தில் பதிவாகிவிடுகிறது. செய்தவர் வேறிடத்தில் புலப்படுமாயின் இவ்வடிவத்தால் இழப்பில்லை.

செப்பேட்டு மரபு

ஆணையின் பின்னுள்ளோரை வெளிப்படப் பதிவு செய்தல் தமிழ் ஆவண மரபுக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஊர் வழங்கிய செய்தியைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடு, முதலாம் இராசராசனின் வாய்மொழி ஆணை ஆவணமாகிய முறையையும் கூறுகிறது. ஆணையை எழுதிய திருமந்திர ஓலை, ஒப்பிய ஓலைநாயகம், வரிக்கணக்கில் பதிந்த அலுவலர் எனப் பலர் அதில் குறிக்கப்பெறுகின்றனர். இன்னார் எழுத்தினாலும் இன்னார் ஒப்பினாலும் என்று அமையும் சோழர் கால ஆவண நடையில் ‘ஆல்’ உருபு தவறாது வருவது நோக்கத்தக்கது. இன்றைய கடிதம் கைவிட்ட உறுப்பு அதுவே.

ஒரு மாதிரியும் மாற்றமும்

பட்டா மாறுதல் கோரிய ஒருவருக்கு வரும் விடை கீழ்க்காணுமாறு அமைவதாகக் கொள்வோம்.

‘பார்வையில் காணும் தங்களது விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. உரிய ஆவணங்கள் இணைக்கப்படாமையால் மேல்நடவடிக்கை மேற்கொள்ள இயலாத நிலை உள்ளது எனத் தெரிவிக்கப்படுகிறது.’

இதில் இலக்கணப் பிழை இல்லை. எந்த ஆவணம், எவரிடம், எந்நாளுக்குள் என்பனவும் இல்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டதா, நிலுவையில் உள்ளதா என்பதும் விளங்கவில்லை. இதனைப் பின்வருமாறு மாற்றலாம்.

‘தங்கள் விண்ணப்பத்துடன் கிரயப் பத்திரத்தின் நகலைத் தாங்கள் இணைக்கவில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் அதனை இவ்வலுவலகத்தில் அளிக்க வேண்டுகிறேன். அளித்தபின் விண்ணப்பத்தை மீண்டும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வேன். அதுவரை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்.’

மரியாதை குறையவில்லை, அலுவலக நடையும் கெடவில்லை. எழுதும் அலுவலர் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார் என்பதே வேறுபாடு. முதல் வடிவம் தொடர்ந்து விரும்பப்படுவதற்கான காரணமும் அதுவாகலாம்.

சட்டம் இத்தெளிவைச் சில இடங்களில் கட்டாயமாக்கியுள்ளது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 7(8) பிரிவின்படி, தகவல் மறுக்கப்படும்போது மறுப்பின் காரணம், மேல்முறையீட்டுக்குரிய காலவரம்பு, மேல்முறையீட்டு அலுவலர் விவரம் ஆகிய மூன்றையும் மனுதாரருக்குத் தெரிவித்தல் வேண்டும். முதல் மேல்முறையீட்டுக்கான 30 நாள் வரம்பை அறியாதவர் தம் உரிமையை இழக்க நேரிடும். ஒரு தொடரின் தெளிவின்மை உரிமை இழப்பில் முடியலாம் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

• அலுவலகக் கடிதத்தின் மேற்பகுதி பேணும் பொறுப்புப் பதிவை உடற்பகுதியின் செயப்பாட்டுவினைகள் நெகிழ்த்துகின்றன.

• வினைமுதலை விகுதியிலேயே சுட்டும் தமிழில் இவ்விழப்பு மொழியின் இயல்புக்கு மாறானது.

• மேல்நோக்கிய கடிதங்களில் செய்வினையும் கீழ்நோக்கிய கடிதங்களில் செயப்பாட்டுவினையும் மிகுவது அதிகார உறவைக் காட்டுகிறது.

• செய்தவர் ஆவணத்தில் வேறிடத்தில் புலப்படும்போது செயப்பாட்டுவினை ஏற்புடையது. பெறுநர் ஒன்றைச் செய்ய வேண்டிய இடத்தும், அலுவலகம் ஒன்றைச் செய்ய உறுதியளிக்கும் இடத்தும் செய்வினையே தகும்.

அலுவலகத் தமிழ் கற்பிக்கும் பாடங்களில் கலைச்சொற்பட்டியலோடு, யார், என்ன, எப்போது, இல்லையேல் எவரிடம் என்னும் நான்கு வினாக்களால் கடிதத்தைச் சோதிக்கும் பயிற்சியும் இடம்பெறுதல் வேண்டும். அவற்றுக்கு விடை தராத கடிதம், கலைச்சொற்கள் அனைத்தும் தூய தமிழாயினும், தன் பணியை முடித்ததாகாது.