நகம் ஒடியாமல் திறக்கும் பேனாக்கத்தி!

``டேய், இதைக் கொஞ்சம் திறந்து குடுடா!''

ஒரு கையில் கொய்யாப்பழம், மறு கையில் பேனாக்கத்தி. அப்பா தன் பேரனைக் கூப்பிட்டபோது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவருக்கு 78 வயது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பேனாக்கத்தி இருக்கும். பென்சில் சீவ, தபால் உறையைப் பிரிக்க, கொய்யாவை நறுக்கி ஆளுக்கொரு துண்டு நீட்ட... எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கத்திதான்.

சில வாரங்களில் அவர் பழம் நறுக்குவதையே விட்டுவிட்டார். ஒருநாள் மதியம் பார்க்கிறேன், கத்தியின் முதுகைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்!

``ஏம்ப்பா, உதடு கிழிஞ்சா என்ன ஆகும்?''

``பின்னே, ஒவ்வொரு தடவையும் உங்களையே கூப்பிடணுமாக்கும்?''

மூட்டுவாதத்தில் விரல்கள் வளைந்து, நகங்களும் எளிதில் ஒடிகிற அப்பாவுக்கு, சுலபமாகத் திறக்கும் கத்தி எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்கியது அன்றுதான்.

ஏன் திறக்க அடம்பிடிக்கிறது?

அந்தக் காலத்தில் இறகுப் பேனாவின் முனையைச் சீவ உதவியதால் வந்த பெயர்தான் பேனாக்கத்தி. இறகுப் பேனா போய்விட்டது; பெயர் நின்றுவிட்டது.

வழக்கமான பேனாக்கத்தியின் முதுகுப் பக்கத்தில் ஓர் எஃகு ஸ்பிரிங் இருக்கும். அது அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருப்பதால்தான், கத்தி பைக்குள் தானாகத் திறந்துகொள்ளாது. திறந்த பிறகு சட்டென மடங்கவும் செய்யாது. அலகில் பிறை போல ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதில் நகத்தைக் கொடுத்து, ஸ்பிரிங்கின் பலத்தை மீறி இழுக்க வேண்டும். அதாவது, முழு பாரமும் ஒரு நகத்தின் மேல்!

இதில் ஒரு சின்னக் கணக்கும் உண்டு. கதவைக் கீல் பக்கம் தள்ளினால் கஷ்டம், கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபம் இல்லையா? அதேபோலத்தான் நகப்பள்ளமும். அலகைப் பிணைக்கும் ஆணிக்குப் பக்கத்தில் இருந்தால் அதிக பலம் வேண்டும். தள்ளி இருந்தால் குறைவாகப் போதும்.

இந்தக் கஷ்டத்துக்குப் பழைய கத்திக்காரர்களே மூன்று விடைகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்று: கைப்பிடியில் ஓர் அரைவட்டம்

கத்திக்குப் பெயர்போன ஊர், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அங்கும் அமெரிக்காவிலும் செய்த சில பழைய கத்திகளில், கைப்பிடியின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். அந்த இடத்தில் அலகின் இரு பக்கமும் வெளியே தெரியும். நகமே தேவையில்லை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, உப்பு எடுப்பதுபோல் அலகைப் பிடித்து இழுத்துவிடலாம். இதை `ஈஸி ஓப்பன்' என்பார்கள். கடையிலோ இணையத்திலோ அந்தப் பெயரைச் சொல்லித் தேடலாம்.

இந்த வெட்டு இல்லாவிட்டாலும், மடித்திருக்கும்போது அலகின் முதுகு கைப்பிடிக்கு மேலே நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும் கத்தியும் இதே வசதியைத் தரும்.

இரண்டு: ஸ்பிரிங்கே இல்லாத ஒபினெல்

பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-ல் உருவாக்கிய கத்தி இது. மரக் கைப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி... அவ்வளவுதான். ஸ்பிரிங் இல்லாததால், மரத்துக்கும் அலகுக்கும் இடையிலான உராய்வை மட்டும் வென்றால் போதும். 1955-ல் இதில் ஒரு சுழல் வளையம் சேர்ந்தது. அதைத் திருப்பினால், திறந்த அலகு மடங்காது.

ஈரத்தில் மரம் ஊறிவிட்டால் இதுவும் இறுகிக்கொள்ளும். அதற்கும் சவோய்க்காரர்களிடம் வைத்தியம் இருக்கிறது. அலகின் நுனி மறைந்திருக்கும் கைப்பிடி முனையை மேஜையில் ஒரு தட்டு தட்டுவார்கள். நுனி சற்றே எட்டிப்பார்க்கும்.

நண்பரிடமிருந்து ஒன்றை வாங்கிவந்து அப்பாவிடம் கொடுத்தேன். அலகைத் திறந்துவிட்டார். ஆனால், வளையத்தைத் திருப்பத்தான் விரல் ஒத்துழைக்கவில்லை. திறப்பது மட்டுமல்ல, பூட்டுவதும் மடிப்பதும் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று அன்று புரிந்தது.

மூன்று: வால் முளைத்த ஜப்பான் கத்தி

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் உள்ள மிகி நகரத்தில் 1890-களில் பிறந்தது ஹிகோனோகாமி. மடித்த உலோகத் தகடுதான் கைப்பிடி. அலகின் அடிப்பாகம் ஒரு வால் போல வெளியே நீண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் அலகு எழுந்து வரும். ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியது இதில்தான்.

ஆனால் இதில் ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. வெட்டி முடிக்கும்வரை கட்டைவிரல் அந்த வாலின் மேலேயே அழுத்தியிருக்க வேண்டும். கட்டைவிரல் மூட்டில் வலி இருப்பவர்களுக்கு இது சரிப்படாது.

வாங்கும்முன் கவனியுங்கள்

* யாருக்கு வாங்குகிறீர்களோ, முடிந்தால் அவர் கையிலேயே கொடுத்துத் திறந்து, மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் விரலுக்குச் சுலபமாக இருப்பது அவர் விரலுக்கு அப்படி இருக்காது.

* சில கத்திகளின் அலகு பாதி திறந்ததும் ஒருமுறை நின்று, பிறகு நகரும். மடிக்கும்போதும் பாதியில் நிற்பதால் விரலை நகர்த்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

* பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி வேண்டாம். பிரிட்டனில் 1959-லேயே அதன் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

* வெளியூரிலிருந்து விமானத்தில் வாங்கி வருபவர்கள் கைப்பையில் வைக்கக் கூடாது. செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

* புதிது வாங்கும் முன் பழையதையும் ஒருமுறை பாருங்கள். பைத்தூசியும் பழச்சாறும் சேர்ந்தே பல கத்திகள் இறுகிப்போகின்றன. பல்குத்தும் குச்சியால் இடுக்கைச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து, ஆணியருகே ஒரு துளி எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுக்கும். உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில் நல்லது.

எங்கள் வீட்டில் துடைத்து, எண்ணெய் விட்டும் பழைய கத்தி முழுதாக மசியவில்லை. லண்டனில் இருக்கும் அத்தை மகன் ஊருக்கு வந்தபோது, அரைவட்ட வெட்டு வைத்த பழைய கத்தி ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்.

அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு விரலால் பிடித்தார். முதல் தடவை வழுக்கியது. வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். `டக்' என்ற சத்தத்தோடு திறந்துகொண்டது. மடிக்கும்போது அலகின் முதுகில் உள்ளங்கையை வைத்து, அவசரப்படாமல் அழுத்தினார். இப்படி நாலைந்து முறை. யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. திண்ணையிலிருந்து ஒரு கை நீண்டது. கத்தி நுனியில் ஒரு கொய்யாத் துண்டு.

``உப்பு, மொளகாப்பொடி போட்டிருக்கேன். சாப்பிடு.''