பாறைமேற் படரும் இலைக்கன்கள்

வயலோரப் பாறைகளிலும் கிணற்றுக் கட்டுகளிலும் சாம்பல், வெண்மை, மஞ்சள், கருமை ஆகிய நிறங்களில், தேமல் படர்ந்தாற்போலத் தோன்றும் படைகளைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். இவற்றைப் பாசியென்பாரும் உளர். பயிர்நோய் இங்கிருந்தே பரவுமென ஐயுறுவாரும் உளர். இவ்விரு கருத்துகளும் பொருந்தா. இவை இலைக்கன்களாகும்.

இலைக்கன் என்பது பங்கசும் அல்காவும் கூடி வாழும் வாழ்க்கையாகும். பங்கசின் இழைகள் உறைவிடம் அமைத்து ஈரத்தைக் காக்கும். உள்ளிருக்கும் அல்கா ஒளித்தொகுப்பினால் உணவு ஆக்கிப் பங்கசுக்கும் அளிக்கும். இவ்வுண்மையைச் சுவிற்சர்லாந்து அறிஞர் சிமோன் சுவெண்டனர் 1867 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இலைக்கனுக்கு இடப்படும் பெயர் அதன் பங்கசையே குறிக்கும். இப்பங்கசுகளிற் பெரும்பாலானவை நுண்ணிய பைகளுள் வித்திகளைத் தோற்றுவிக்கும் வகுப்பைச் சேர்ந்தவை.

இனங்காணும் முறை

முதலில் உருவத்தை நோக்குதல் வேண்டும். உருவத்தால் இலைக்கன்கள் மூவகைப்படும்.

1. பொருக்கு வகை: கல்லோடு ஒன்றி வளர்வது. கல்லைச் சிதைக்காமல் இதனைப் பெயர்த்தெடுத்தல் இயலாது.

2. இலை வகை: மடல்களாக விரிவது. அடியிலுள்ள வேர்போன்ற இழைகளாற் கல்லைப் பற்றி நிற்கும். ஓரத்தைக் கத்திமுனையால் உயர்த்தலாம்.

3. பற்றை வகை: சிறு கிளைகளாக நிமிர்ந்தோ தொங்கியோ வளர்வது.

அடுத்து, கைவில்லையைக் கொண்டு கனியுடலை நோக்குக. சிலவற்றில் அது சிறு கிண்ணம் போன்றிருக்கும். சிலவற்றிற் கரும்புள்ளியாகப் புதைந்திருக்கும். கல்லின் தன்மையும் முக்கியமானது. சுண்ணக்கல்லில் வளரும் இனங்கள் பல, கருங்கல்லில் வளர்வதில்லை. கல்லின்மேல் ஒரு துளி வினாகிரியை விட நுரைத்தெழுமாயின் அது சுண்ணக்கல்லாகும்.

ஆய்வுகூடத்திற் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலையும் வெளிற்றுந்தூட் கரைசலையும் இட்டு நிறமாற்றத்தைக் காண்பர். இம்முறையை 1866 ஆம் ஆண்டில் வில்லியம் நிலாந்தர் வகுத்தார். இக்காலத்தில் டி.என்.ஏ. ஒப்பீட்டினால், ஒரே தோற்றமுடையவை சில வெவ்வேறு இனங்களெனத் தெளிவாகியுள்ளது. இலங்கை இலைக்கன்களை, 1849 முதற் பேராதனைத் தாவரவியற் பூங்காவை நடத்திய துவெயிற்சு என்பார் சேகரித்தார். அவற்றை இங்கிலாந்து அறிஞர் இலெயிற்றன் ஆராய்ந்து எழுதினார்.

பயிர்நோயன்று

பூசணியிலையில் வெண்டூள்போற் படரும் பூஞ்சணம் உயிருள்ள இலையையே உண்டு வாழும். சில நாட்களிற் பெருகும். பாறை இலைக்கனோ தன்னுள் இருக்கும் அல்காவிடமிருந்து உணவு பெறுவது. பொருக்கு வகைகள் பல ஓராண்டில் 1 மில்லிமீற்றருக்குங் குறைவாகவே வளர்கின்றன. சில மாதங்களே நிற்கும் நெற்பயிரில் இத்தகையது குடியேறுதல் இயலாது. எரிபந்த நோய் நோயுற்ற விதையாலும் வைக்கோலாலும் பரவுமேயன்றிப் பாறைப் படையாற் பரவாது.

ஐயம் நீங்க, படையின்மேற் சிறிது நீர் தெளித்துப் பார்க்குக. சாம்பல் நிறம் மாறிப் பச்சை தோன்றுமாயின், உள்ளிருக்கும் அல்காவே அவ்வாறு தெரிகின்றதென அறியலாம்.

ஆகவே, பாறைக்குச் செப்பு மருந்து தெளிப்பது பணத்தையும் உழைப்பையும் வீணாக்குவதாகும். நோயற்ற விதையைத் தெரிதல், நோயுற்ற வைக்கோலை அகற்றுதல், பயிரின் இலைகளை நாடோறும் நோக்குதல் ஆகியவற்றிலேயே கமக்காரர் கருத்தைச் செலுத்துதல் நன்று.