கையில் துப்பாக்கி இருக்கிறது, சுடலாமா?

கடைத்தெருவில் நிற்கிறீர்கள். எதிரே ஒரு பாங்கி. உள்ளே கொள்ளைக்காரர்கள் புகுந்துவிட்டார்கள். உங்கள் கையில் துப்பாக்கி இருக்கிறது.

பாய்வீர்களா? பதுங்குவீர்களா?

நம் ஊரில் இது கற்பனை. அமெரிக்காவில் அப்படி அல்ல. அங்கே பல மாநிலங்களில், சாதாரண மனிதர்கூட இடுப்பில் துப்பாக்கியோடு கடைக்குப் போகலாம்.

5 கொள்ளைக்காரர்கள்

1892-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி காலை. கான்சாஸ் மாநிலத்தில் காபிவில் என்ற ஊருக்கு 5 பேர் குதிரையில் வந்தார்கள். 3 பேர் டால்டன் சகோதரர்கள். 2 பேர் கூட்டாளிகள்.

ஒரே நேரத்தில் இரண்டு பாங்கிகளைக் கொள்ளை அடிப்பது என்று திட்டம்!

பொய்த் தாடி, மீசை ஒட்டி இருந்தார்கள். பலன் இல்லை. சகோதரர்கள் அந்தப் பக்கத்திலேயே வாழ்ந்தவர்கள். ஊரார் அடையாளம் கண்டுகொண்டார்கள். கூச்சல் எழுந்தது. ஆண்கள் இரும்புச் சாமான் கடைக்கு ஓடினார்கள். அங்கே விற்பனைக்கு இருந்த துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள்.

காஷியர் சொன்ன பொய்

ஒரு பாங்கியின் காஷியர் சார்லஸ் பால். அவர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை.

"பெட்டகத்தைத் திற!" என்று மிரட்டினார்கள்.

"கடிகாரப் பூட்டு; நேரம் வந்தால்தான் திறக்கும்" என்று அவர் சொன்னார்.

அது பொய். நேரம் ஏற்கனவே வந்துவிட்டது. இழுத்துப் பார்த்திருந்தால் கதவு திறந்திருக்கும். கொள்ளைக்காரர்கள் அதை நம்பிக் காத்து நின்றார்கள்!

அன்று மிகப் பெரிய வீரர் அவர்தான் என்பேன்.

4-க்கு 4

வெளியே துப்பாக்கிகள் வெடித்தன. சில நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளைக்காரர்கள் 4 பேர் பிணமானார்கள். தம்பி எம்மெட் டால்டன் உடம்பில் 23 காயம். ஆனாலும் பிழைத்தான். ஆயுள் தண்டனை பெற்றான். 1907-ல் மன்னிக்கப்பட்டு வெளியே வந்தான்.

பாங்கிப் பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஊராரிலும் 4 பேர் செத்தார்கள். ஒருவர் போலீஸ் அதிகாரி. ஒருவர் கடைச் சிப்பந்தி. மற்ற இருவரும் செருப்புத் தைக்கும் தொழிலாளிகள்.

ஊரார் சுடத் தொடங்கும்வரை அங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை.

துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்கள் பலர் இப்போது சொல்வது இதுதான்: "அவன் பணத்தை மட்டும் கேட்டால் சும்மா இரு. முகத்தைப் பார். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்."

சரி, பணம் கேட்காமல் ஆளையே சுடுகிறவனாக இருந்தால்?

தள்ளுவண்டியோடு ஒரு பெண்

2014-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி. லாஸ் வேகாஸ் நகரம். 2 போலீஸ்காரர்களைக் கொன்றுவிட்டு ஒருவன் பெரிய கடைக்குள் புகுந்தான். மேலே பார்த்துச் சுட்டான். எல்லாரும் ஓடினார்கள்.

சாமான் வாங்க வந்த 31 வயது வாலிபர் ஒருவர் ஓடவில்லை. தன் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவனை நெருங்கினார். வழியில், தள்ளுவண்டியோடு நின்ற ஒரு பெண்ணைத் தாண்டிப் போனார்.

அவள் கொலைகாரனின் மனைவி! பின்னால் இருந்து சுட்டாள். வாலிபர் இறந்தார்.

சுட்டது யார்?

2021-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி. கொலராடோ மாநிலம், அர்வாடா நகரம். ஒருவன் போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். பக்கத்துக் கடையில் இருந்த 40 வயதுக்காரர் வெளியே ஓடிவந்தார். குறி தவறவில்லை. கொலைகாரன் விழுந்தான். இன்னும் எத்தனை பேரை அவன் கொன்றிருப்பானோ!

பிறகு அவர், விழுந்தவனின் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து இன்னொரு போலீஸ்காரர் வந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது, துப்பாக்கியோடு நிற்கும் ஓர் ஆள். சுட்டுவிட்டார்.

ஊரைக் காப்பாற்றியவர் இறந்துபோனார். "அவர் உண்மையான வீரர்" என்று போலீஸ் தலைவரே சொன்னார். சுட்ட போலீஸ்காரர் மீது வழக்குப் போடவில்லை.