மென்பொருளும் வழிக்குறிப்பும்

அதிரசம் செய்யும் முறையைப் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டவர்கள் உங்களுள் சிலர் இருக்கலாம். "வெல்லப் பாகு பதம் வந்ததும் இறக்கி, மாவைச் சேர்த்துக் கிளறு" என்று அவர் சொல்லுவார். எந்தப் பதம் என்று கேட்டால், "பார்த்தாலே தெரியுமே!" என்பார். அவருக்குத் தெரியும், ஐம்பது தீபாவளி கண்ட கை அது. நமக்குத் தெரியாது. பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் அது கரையாமல் திரண்டு விரலால் உருட்ட வரவேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால், முதன்முறை செய்பவரும் பிழையின்றிச் செய்துவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தின் அருமையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். ஆனால் அடுக்களையில் அன்று, அறிவியல் மென்பொருள் உலகில்.

வானியலாரும் உயிரியலாரும் பொறியியலாரும் இன்று கையாளும் மென்பொருள்களுள் பல, திறந்த மூல மென்பொருள்கள். அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் அளிக்கலாம். 2001-ஆம் ஆண்டு தோன்றிய சைப்பை அத்தகையது. தொகையீடு காணல், சமன்பாடு தீர்த்தல் முதலிய கணித வேலைகளுக்கு உரிய கருவித்தொகுதி அது. 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலைகளை முதன்முதலாக உணர்ந்த லைகோ ஆய்வாளரும் தம் கணக்குகளில் அதனைப் பயன்படுத்தினர்.

இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்த மட்டும் விரும்புவோர்க்குத் துன்பம் இல்லை. சமைத்த சோறுபோல ஆயத்தமான வடிவம் கிடைக்கிறது. ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். அதனைத் திருத்த விரும்புவோர் நிலை வேறு. அவர் மூலநிரலைத் தம் கணிப்பொறியிலேயே இயங்கும் வடிவமாக ஆக்கிப் பார்க்க வேண்டும். சைப்பையையே எடுத்துக்கொள்வோம். பைத்தான் மொழியோடு சி, சி++ ஆகிய மொழிகளும் அதில் கலந்துள்ளன. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியும் நெடுங்காலம் அதன் உள்ளுறுப்பாக விளங்கிற்று. இவற்றுக்கெல்லாம் கம்பைலர்கள் வேண்டும். அணிக் கணக்குகளுக்கு பிளாஸ், லாபேக் என்னும் நிரல் நூலகங்கள் வேண்டும். சில பகுதிகள் வேறு களஞ்சியங்களில் இருப்பவை. அவற்றையும் உடன்கொண்டு வருமாறு ஏவாவிட்டால் வெறும் கோப்புறைகளே வந்து சேரும். ஒன்று குறைந்தாலும் ஆக்கம் நின்றுவிடும். ஆதலால் வழிகாட்டும் குறிப்பு செம்மையாக இருத்தல் இன்றியமையாதது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வேறோர் அறிவியல் மென்பொருளில் சிறு பிழை ஒன்றைக் கண்டு, அதனைத் திருத்த முனைந்தேன். "தேவையான நூலகங்களை வழக்கம்போல் நிறுவிக்கொண்டு ஆக்குக" என்றது குறிப்பு. நிறுவினேன், ஆக்கினேன், நூலகம் காணப்படவில்லை என்ற செய்தி வந்தது. நூலகமோ கண்ணெதிரே இருந்தது! மாலை முழுதும் போராடினேன். இத்துறைக்கு நான் தகுதியற்றவன் போலும் என்று கூட எண்ணத் தொடங்கினேன். இரவில்தான் உண்மை விளங்கிற்று. லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் நூலகம் ஒரு பொதியாகவும், அதில் உள்ளவை இன்னின்ன என்று கம்பைலருக்கு அறிவிக்கும் தலைப்புக் கோப்புகள் மற்றொரு பொதியாகவும் தரப்படுகின்றன. இரண்டாவதை நான் நிறுவவில்லை. குறிப்பை எழுதியவருக்கோ அது பழகிப்போன செயல். "வழக்கம்போல்" என்ற சொல்லுக்குள் அதனை அடக்கிவிட்டார்.

அவரைக் குறைகூற எனக்கு உரிமை உண்டோ? இரண்டு திங்கள் கழித்து ஒரு மாணவர் என்னிடம் அதே மென்பொருளை ஆக்கும் வழியைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வந்து நின்றார். நான் தடுக்கி விழுந்த அதே இடத்தில் அவரும் விழுந்திருந்தார். இரண்டாவது பொதியை எழுத நானும் மறந்திருந்தேன்! கற்றபின், கல்லாதிருந்த நிலையை நினைவுகூர்வது அத்துணை அரிது.

இதிலிருந்து நான் கற்றது இதுதான்: வழிக்குறிப்பைத் திருத்துதற்கு மிகவும் தகுதியுடையவர் புதியவரே. அவர் தடுமாறும் இடமே குறிப்பின் குறை இருக்கும் இடம். எனவே முதன்முறை ஆக்கும்போதே ஒரு தாளை அருகில் வைத்துக்கொண்டு, செய்தவற்றையும் கண்ட பிழைச் செய்திகளையும் எழுதிவைக்க வேண்டும். ஒரு வாரம் சென்றால் அந்தக் கண் மறைந்துவிடும்.

நல்ல குறிப்பு எவ்வாறு இருக்கும்? பயன்படுத்துவோர் வழியையும் திருத்துவோர் வழியையும் பிரித்துக் காட்டும். லினக்ஸ், மேக், விண்டோஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனியே சொல்லும். வேண்டிய கருவிகளைப் பதிப்பு எண்ணோடு முதலிலேயே கூறும். எல்லாவற்றினும் மேலாக, ஒவ்வொரு படியின் முடிவிலும் திரையில் என்ன தோன்ற வேண்டும் என்று உரைக்கும். பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கும் சோதனை அது.

எழுதிய குறிப்பும் நாளடைவில் பழுதடையும். பைத்தானோடு உடன்வந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்னும் ஆக்கக் கருவி, 2023-இல் வெளியான 3.12-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. இதனை முன்னுணர்ந்த சைப்பை ஆக்குநர்கள் 2022-இல் வந்த 1.9-ஆம் பதிப்பிலேயே மீசான் என்னும் கருவிக்கு மாறத் தொடங்கினர். பழைய கருவியை நம்பிய குறிப்புகள் பல இதனால் பயனற்றுப் போயின. இதற்கு மாற்று உண்டு. திருத்தம் வரும்போதெல்லாம், எதுவும் நிறுவப்படாத புதிய கணிப்பொறிச் சூழலை உண்டாக்கி, குறிப்பில் உள்ள கட்டளைகளையே வரிசையாக இயக்கிப் பார்க்குமாறு அமைத்துவிடலாம். இயந்திரத்துக்கு "வழக்கம்போல்" என்றால் விளங்காது; அதனால் அது நல்ல சோதகர்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்கலாம். ஓர் ஆய்வின் முடிவைப் பிறரும் செய்து பார்த்துச் சரிகாண இயல வேண்டும். அதுவே அறிவியலின் உயிர்நிலை. கணிப்பொறி தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினாற்கூட விடையின் கடைசி இலக்கங்கள் மாறக்கூடும். எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்று எழுதிவையாத ஆய்வை நாளை யார் சரிபார்ப்பது? மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருந்தும், அதனை ஆக்கும் வழி சிலர்க்கே தெரியுமாயின், அது கதவு திறந்த வீட்டில் படிக்கட்டு இல்லாமை போன்றதே.

நண்பர்களே, நாளை ஒரு மென்பொருளை ஆக்க முயன்று நீங்கள் தோற்கலாம். உடனே உங்களை நொந்துகொள்ளாதீர்கள். எங்கே தடுமாறினீர்கள் என்று இரண்டு வரி எழுதி, அதனை ஆக்கியோருக்கு அனுப்புங்கள். உங்கள் முதல் தொண்டு அதுவாகவே இருக்கட்டும். பின்னால் வருபவர் உங்களை அறியமாட்டார். ஆனால் அந்தப் படியில் தடுக்கி விழவும் மாட்டார்.