ஷூபா பதிவில் பிழை இருந்தால் என்ன செய்வது?

வீடு தேடும்போதும், கைத்தொலைபேசிக்கு ஒப்பந்தம் எழுதும்போதும், வங்கியில் கடன் கேட்கும்போதும் ஜேர்மனிக்கு வந்த எம்மவர்கள் கேள்விப்படும் சொல் 'ஷூபா'. ஒழுங்காக வேலைக்குப் போய், யாருக்கும் பாக்கி வைக்காத குடும்பத்துக்கும் வீடு கிடைக்காமல் போவதுண்டு. சில வேளைகளில் அதற்குக் காரணம் பிழையான ஒரு பதிவு மட்டுமே.

ஷூபா அரசாங்கக் காரியாலயம் அல்ல. 1927இல் பெர்லினில் தொடங்கப்பட்டு, இன்று வீஸ்பாடனில் தலைமையகத்தைக் கொண்ட தனியார் நிறுவனம். சுமார் 6 கோடி 80 இலட்சம் பேரின் வங்கிக் கணக்கு, கடன், தொலைபேசி ஒப்பந்தம், கட்டாத பாக்கி போன்ற விபரங்கள் அங்கே உள்ளன. உங்கள் சம்பளமோ பிரஜாவுரிமையோ அங்கு பதியப்படுவதில்லை.

பிழை எப்படி வருகிறது? தகப்பன் பெயர் ஓரிடத்தில் குடும்பப் பெயராகவும் இன்னோரிடத்தில் முதற்பெயராகவும் எழுதப்படுகிறது. எழுத்துக்கள் மாறுகின்றன. ஒரே பெயருள்ள இன்னொருவரின் கடன் உங்கள் பெயரில் ஏறலாம். கட்டி முடித்த கடன் கட்டாததாகவே கிடக்கலாம்.

முதலில் உங்கள் பதிவைப் பாருங்கள். 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி 'டாற்றன்கொப்பி' என்னும் பிரதியை இலவசமாகக் கேட்கலாம். வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் கட்டணப் பத்திரம் வேறு. இலவசப் பிரதியில் உங்கள் முழு விபரமும் இருப்பதால் அதை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டாம்.

பிழை கண்டால், எந்தப் பதிவு, ஏன் பிழை என்று ஷூபாவுக்கும், அதை அறிவித்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். பணம் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள். மூலப்பத்திரத்தை அனுப்ப வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது. பிழையைத் திருத்தும்படி கேட்க 16ஆம் பிரிவும், விசாரணை முடியும்வரை அப்பதிவைப் பாவிக்காமல் நிறுத்தும்படி கேட்க 18ஆம் பிரிவும் இடமளிக்கின்றன. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் ஷூபாவின் ஒம்புட்ஸ்மனிடமோ, ஹெஸ்ஸன் மாநிலத் தரவுப் பாதுகாப்பு ஆணையாளரிடமோ இலவசமாக முறையிடலாம்.

பதிவு சரியானது, ஆனால் கடன் கட்டியாகிவிட்டது என்றால், கட்டிய நாளிலிருந்து வழமையாக 3 வருடத்தில் அது அழியும். 2025 ஜனவரி முதல், அறிவிக்கப்பட்டு 100 நாட்களுக்குள் கட்டி, வேறு பாதகமான பதிவும் இல்லாவிட்டால் 18 மாதத்தில் அழியும்.

வருமுன் காப்பதே மேல். நீதிமன்றத் தீர்ப்பில்லாத பாக்கியைப் பதிவதற்கு முன் நிறுவனம் குறைந்தது இருமுறை எழுத்தில் 'மானுங்' அனுப்ப வேண்டும். முதலாவது அனுப்பி 4 கிழமையாவது கழிந்திருக்க வேண்டும். பதியப்படலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். நீங்கள் மறுத்த பாக்கியைப் பதிய முடியாது. எனவே உங்களுடையதல்லாத கணக்குக் கேட்டு கடிதம் வந்தால் மௌனமாக இராமல், உடனே எழுத்தில் மறுத்து, பிரதியை வைத்திருங்கள். வீடு மாறும்போது வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் புதிய முகவரியை அறிவியுங்கள். பழைய முகவரிக்குப் போகும் 'மானுங்' உங்கள் கைக்கு வராது.

டொச் மொழியில் எழுதச் சிரமமானால் கரித்தாஸ், டியாக்கோனி ஆகியவற்றின் கடன் ஆலோசனை நிலையங்களை நாடலாம். அங்கு ஆலோசனை இலவசம். கடிதங்களை எறியாமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நாளை உங்களுக்குச் சாட்சி சொல்லப் போவது அவைதான்.