டேப்பில் கட்டமில்லாத பதில்

வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. திட்டம் பலன் தந்ததா என்று பார்க்க ஒருவர் கையில் டேப்லெட்டோடு பழங்குடிக் குடியிருப்புக்கு வருகிறார். ‘கான்கிரீட் வீடு உண்டா?’ உண்டு. ஒரு டிக். அந்த வீட்டில் விறகும் ராகி மூட்டையும்தான் இருக்கின்றன, குடும்பம் பழைய குடிசையில் அடுப்பைச் சுற்றித்தான் படுக்கிறது என்றால், அதைக் குறிக்க டேப்பில் கட்டம் கிடையாது. அறிக்கையில் திட்டம் பாஸ்.

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள்; பேச்சும் வழக்கமும் வேறு வேறு. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். எது நல்ல வீடு, எது நல்ல வாழ்வு என்று அதில் முடிவு செய்தது யார்?

சொன்ன தகவல் எங்கே போகிறது என்பதும் கேட்க வேண்டியதே. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்கள் 1990-லிருந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். சர்க்கரை நோயைப் பற்றி என்றுதான் அவர்களுக்குப் புரிந்திருந்தது. அதே ரத்தத்தில் மனச்சிதைவு, நெருங்கிய உறவுத் திருமணம், ஆதியில் எங்கிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் ஆராயப்பட்டிருந்தது 2003-ல்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்று நம்புகிறவர்களிடம், ‘ஆசியாவிலிருந்து வந்தீர்கள்’ என்று அவர்கள் ரத்தத்தை வைத்தே சொல்வது சாதாரணக் காயமா? வழக்குப் போட்டார்கள். 2010-ல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கிடைத்தது. மிச்சமிருந்த ரத்தமும் திரும்பி வந்தது. அதுதான் அவர்களுக்குப் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரிலும் பிடிமானம் உண்டு. 2006-ன் வன உரிமைச் சட்டம், பல்லுயிர் சார்ந்த பாரம்பரிய அறிவைச் சமூகத்தின் உரிமையாக ஏற்கிறது. மூலிகை விவரம் கேட்டு வருபவரை முதலில் கிராம சபைக்கு வரச் சொல்லுங்கள். மருத்துவ ஆய்வு என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி ஊர்த் தலைவர் சரி என்றால் போதாது. ஒவ்வொருவரின் சம்மதமும் தனித்தனியே வேண்டும். எதற்கு, யாருக்காக, போட்டோ எங்கே போகும் என்று கேட்காமல் கைநாட்டு வைக்காதீர்கள். ‘கையெழுத்துப் போடாவிட்டால் ரேஷன் நின்றுவிடும்’ என்று யாராவது மிரட்டினால் அது சம்மதமே ஆகாது.

அறிக்கை ஊருக்குத் திரும்பாவிட்டால்? அரசு செய்த மதிப்பீடு என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தாக்க உதவுவது தகவல் அலுவலரின் கடமை.