கோடியக்கரையில் உயிர்க்கணக்கு

சோழமண்டலக் கடற்கரை தெற்கு நோக்கி வந்து மேற்கே திரும்பும் முனையில் அமைந்துள்ளது கோடியக்கரை. நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரணியத்திற்குத் தெற்கே உள்ள இவ்வூரை வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் சூழ்ந்துள்ளன. பாலை, உகா, களா, சூரை முதலிய மரங்களும் புதர்களும் செறிந்த காடும், அதனையடுத்துப் புல்வெளியும், உவர்ச்சேற்று நிலமும் இங்கு ஒருங்கே காணப்படும். 1967ஆம் ஆண்டில் இப்பகுதி வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது.

இக்காட்டில் வாழும் உயிர்களை எண்ணியறியும் பணியில் அறிவியலறிஞரும் வனத்துறையினரும் ஈடுபடுகின்றனர். கல்லூரி மாணவரும் பறவை ஆர்வலரும் அவர்களுடன் சேர்ந்து துணைபுரிவதுண்டு. ஓடும் மானையும் பறக்கும் புள்ளையும் எங்ஙனம் எண்ணுவது?

வெளிமானை எண்ணும் முறையை முதலில் காண்போம். நிலத்தைப் பல பகுதிகளாக வகுத்து, பகுதிக்கு ஒரு குழுவினர் செல்வர். அனைவரும் ஒரே நேரத்தில் புறப்படுதல் வேண்டும். இன்றேல், ஓரிடத்தில் எண்ணப்பட்ட மான் வேறிடத்திற்கு ஓடி, மீண்டும் கணக்கில் ஏறிவிடும். திருகிய கொம்பும் கருமை நிறமும் உடையது முதிர்ந்த கலைமான். கொம்பின்றிப் பழுப்பு நிறத்தது பிணைமான். இவற்றையும் குட்டிகளையும் தனித்தனியே குறித்துக்கொள்வர். குட்டிகள் ஆண்டுதோறும் குறையுமாயின், அம்மானினத்திற்கு இடர் நேர்ந்துள்ளது என்பது புலனாகும்.

பறவைகளுக்கு வேறொரு முறை உண்டு. பூநாரைகள் பெருங்கூட்டமாக நிற்கும்பொழுது, பத்தையோ நூறையோ எண்ணி, அவ்வளவினது இடப்பரப்பைக் கண்ணால் மதித்து, முழுக்கூட்டத்தையும் அதனைக்கொண்டு அளப்பர். பறவையறிஞர் சாலிம் அலியின் (1896–1987) வழிகாட்டுதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்குப் பறவைகளுக்கு வளையமிடும் பணியை நிகழ்த்தினர். மெல்லிய வலையில் சிக்கிய பறவையை மெல்ல விடுவித்து, நிறுத்து, சிறகை அளந்து, எண் பொறித்த வளையத்தைக் காலில் பூட்டிப் பறக்கவிடுவர். அப்பறவை பிறிதொரு நாட்டில் அகப்படின், அது சென்ற வழி தெரியவரும். சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடும் உள்ளான்களும் குளிர்காலத்தில் இக்கரையை நாடி வருகின்றன.

இக்கணக்கின் பயன் யாது? வெளிமான் திறந்த புல்வெளியில் பகையைத் தொலைவிலேயே கண்டு, விரைந்தோடித் தப்பும் இயல்பினது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேல் இப்புல்வெளியில் பரவிவிட்டது. அதன் காய்களை விலங்குகள் தின்று, சாணத்தின் வழியே விதைகளைப் பரப்புகின்றன. மானே தன் வாழிடத்தைக் குறைக்கும் முள்மரத்திற்கு வித்திடுவது வியப்பன்றோ! எந்த இடத்தில் மான் அருகுகின்றது என்பதைக் கணக்குக் காட்டினாலன்றி, முள்மரத்தை எங்கு முதலில் அகற்றுவது என்று துணிதல் அரிது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலில் இங்கு மரங்கள் வீழ்ந்தன. மான்களும் பறவைகளும் மாண்டன. புயலுக்கு முன் எண்ணி வைத்த கணக்கு இருந்தாலன்றோ இழப்பின் அளவை உணர இயலும்!

ஆதலின், கணக்கெடுப்பவர்க்கு இன்றியமையாத பண்பு வாய்மையே. நெடுநேரம் நடந்தும் ஒரு மானும் தென்படவில்லையெனில், ‘இல்லை’ என்றே எழுதுதல் வேண்டும். களைப்பினாலோ ஆசையினாலோ ஒன்றைக் கூட்டி எழுதினால், அழிந்துவரும் உயிர் தழைப்பதாகத் தோன்றும். காக்க வேண்டிய கையும் ஓய்ந்துவிடும்.

இப்பணிக்குக் கோடியக்கரைவரை செல்லவேண்டும் என்பதில்லை. சென்னைக்கு மேற்கே நெமிலிச்சேரியில் வாழும் மாணவன், அண்மையிலுள்ள திருநின்றவூர் ஏரிக்கரையில் நின்று, கொக்கையும் நாரையையும் நாள் குறித்து எண்ணி வரலாம். ஆண்டுகள் செல்லச் செல்ல, அச்சிறு ஏடே அவ்வேரியின் நலத்தை உரைக்கும் சான்றாகும்.